வேற்றாளுக்குத்தான் கூண்டு

என் வாய் சும்மா இருக்காது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். லாரிகள் வந்து நிற்கிற தெரு. இந்தக் கோடியில் லேத் பட்டறை, அந்தக் கோடியில் லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறவர், நடுவில் என் பேட்டரி கடை, அதை ஒட்டி டயர் கடை. வண்டியை வேலைக்கு விட்டுவிட்டு டிரைவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பேச்சுத்துணை வேண்டாமா? இருபது வருஷமாக அந்தச் சேவையை நான் இலவசமாகச் செய்து வருகிறேன். தெருவில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தது நான். எனக்குப் ‘பேட்டரி’ என்று வைத்தது மட்டும் டயர்காரன். அவன் வாழ்நாளில் செய்த ஒரே கிண்டல் அதுவாகத்தான் இருக்கும்.

டயர்காரன் என்னைவிடப் பத்து வயது சின்னவன். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. லாரிச் சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்கப் போடுவான். ஆள் உயர லிவரை நெம்பி, டயரை இரும்பு டிஸ்க்கோடு பிடித்து வைத்திருக்கிற ரிங்கைக் கழற்றுவான். டியூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போடுவான். ஒட்டுப் போட்ட பிறகு இன்னொரு தடவை முக்கிப் பார்ப்பான். எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிற ஆள். கடையைப் பூட்டினால் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறுவான். வீடு கடைக்கு மேலேயே.

அந்த வேலையில் பயப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். காற்று ஏற ஏற, அந்த ரிங் தன் பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார வேண்டும். துருவோ மண்ணோ அடைத்து உட்காராமல் நின்றால், காற்று நிறைகிற நேரத்தில் ரிங் தெறித்துக் கிளம்பும். குறுக்கே இருப்பது மனுஷனா சுவரா என்று அதற்குத் தெரியாது. எங்கோ ஒரு டயர் கடைக்காரர் நெஞ்சில் ரிங் அடித்துச் செத்துப்போனார் என்று நாலு வருஷம் முன்னால் ஒரு டிரைவர் வந்து சொன்னார். அன்றைக்கு டயர்காரன் மத்தியானச் சாப்பாட்டுக்கு மாடிக்கே போகவில்லை. அடுத்த வாரம் லேத் பட்டறையில் தடித்த குழாய்களை வளைத்துப் பற்றவைத்து ஒரு கூண்டு செய்துகொண்டு வந்தான். இடுப்பளவு உயரம். சக்கரத்தை உருட்டி அதற்குள் நிறுத்திவிட்டு, நீள ஹோஸால் தூரத்திலிருந்து காற்று அடிக்கலாம். ரிங் தெறித்தாலும் குழாயில் மோதி உள்ளேயே விழும்.

நான் அதற்கு எலிப்பொறி என்று பெயர் வைத்தேன். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது.

முதல் மாதம் எல்லாருடைய சக்கரமும் கூண்டுக்குள் போனது. அப்புறம் வாடிக்கைக்காரர்களுக்கு முகம் சுருங்க ஆரம்பித்தது. ஆறு வருஷமாக உன்னிடம் வருகிறேன், இன்றைக்குத்தான் என் வண்டியைப் பார்த்துப் பயம் வந்ததா என்று ஒருவர் கேட்டார். என் ரிங் ஓட்டை உடைசல் என்று ஊருக்கே காட்டுகிறாயா என்று இன்னொருவர் கோபித்துக்கொண்டார். டயர்காரன் யார் மனதும் நோகக் கூடாது என்று நினைக்கிறவன். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் கொஞ்ச நாளில் அது பழக்கமாகிவிட்டது. முன்பின் தெரியாத வண்டி வந்தால் கூண்டு. தெரிந்தவர் வண்டி என்றால் தரையிலேயே போட்டுக் காற்று அடிப்பது. ‘சும்மா கீழேயே போட்டு அடிப்பா’ என்று ஒருவர் சொல்ல, அவன் சரி என்று தலையாட்டினால், அவர் நம்ம ஆள் ஆகிவிட்டார் என்று அர்த்தம்.

இப்போது எழுதிப் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. பெயர் தெரியாதவன் உயிருக்குப் பாதுகாப்பு, பழகினவனுக்கு வெறும் மரியாதை. அப்போது எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. கூண்டு இல்லாமல் காற்று அடித்துக்கொண்டு போகிறவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும். அதை வைத்தும் நான் நாலு ஜோக் அடித்திருக்கிறேன்.

டயர்காரன் பெண்டாட்டி மாடியில் லாரிக்குத் தார்ப்பாய் தைப்பாள். ஜன்னலோரம் பெரிய தையல் மிஷின், தரை முழுக்கப் பச்சைத் தார்ப்பாய். கயிறு கோர்ப்பதற்காக ஓரத்தில் பித்தளை வளையங்களை வைத்துச் சுத்தியால் அடிக்கிற சத்தம் காலையிலிருந்து கேட்கும். என்னை வாய் நிறைய அண்ணே என்பாள். அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அந்தத் தம்பி கடனை உடனை வாங்கிச் சொந்தமாக ஒரு லாரி வைத்து, தானே ஓட்டிக்கொண்டிருந்தான். டயர்காரன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அவனை மச்சான் என்றுதான் கூப்பிடும்.

மச்சான் மட்டும் டயர் வேலைக்கு இங்கே வர மாட்டான். மெயின் ரோட்டில் பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடைக்குப் போவான். மாமா கூலி வாங்க மாட்டார், அது தனக்குச் சங்கடம் என்பது அவன் கட்சி. அக்காவுக்கு அது பெரிய மனத்தாங்கல். சொந்த மாமன் இங்கே கடை போட்டு உட்கார்ந்திருக்க, எவனோ ஒருத்தனிடம் போகிறானே என்று என்னிடமே எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறாள். இரண்டு மாதம் போனில் விடாமல் நச்சரித்தாள். கடைசியில் ஒரு காலை பத்து மணிக்கு, முன் சக்கரம் பஞ்சரான லாரியை எங்கள் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினான்.

டயர்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானுக்கு நாற்காலி போட்டு, டீ சொல்லி, சக்கரத்தைக் கழற்றி, ஒட்டுப் போட்டு, டயரை மாட்டினான். ரிங்கை ஒரு தடவை தடவிப் பார்த்தான். பழைய ரிங், துரு தின்றிருந்தது. சக்கரத்தை நிமிர்த்திக் கூண்டுப் பக்கம் உருட்டினான்.

நான் என் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நாலு வெளியூர் டிரைவர்களும் இருந்தார்கள். “என்னப்பா, மச்சானையே எலிப்பொறியில போட்டுட்டியா? பொண்ணு குடுத்த வீட்டுக்கு நீ பண்ற மரியாதை இதுதானா?” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தான், ஆனால் ஒரு நொடி அவன் முகம் வாடியதை டயர்காரன் பார்த்துவிட்டான். உருட்டிப் போன சக்கரத்தைப் பாதி வழியில் திருப்பி, தரையில் படுக்கப் போட்டான். ஹோஸை மாட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் நாலடி தள்ளி நின்றான். மச்சானையும் தள்ளி வரச் சொன்னான். மாமாவுக்கு ஒத்தாசை செய்கிற சந்தோஷத்தில் மச்சான் சுத்தியை எடுத்து ரிங்கைத் தட்டிக் கொடுக்கக் குனிந்தான்.

சத்தம் மட்டும்தான் எனக்கு ஞாபகம். ரிங்கை நான் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. மாடியில் சுத்திச் சத்தம் நின்றுவிட்டது.

அவள் மாடி இறங்குவதற்குள் மச்சானை ஒரு வண்டியில் போட்டுக்கொண்டு நாங்கள் கிளம்பிவிட்டோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் ஓடி வந்தபோது டயர்காரன் சட்டை முழுக்க ரத்தம். ரிங் மச்சானின் இடது கண்ணைச் சிதைத்து, கன்னத்து எலும்பையும் உடைத்திருந்தது. எப்படி ஆச்சு, கூண்டுல வெக்கலையா என்று அவள் கேட்டாள். டயர்காரன் என்னைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். “கூண்டுலதான் வெச்சேன்” என்றான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீங்க நேர்ல பாத்தீங்கல்ல. கூண்டுக்குள்ள இருந்து எப்படிண்ணே வெளிய வந்துச்சு?”

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. அப்போது சொல்லியிருந்தால் திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். நான், “கம்பிக்கு நடுவுல இடைவெளி இருக்குல்லம்மா, அது வழியா வந்துருச்சு” என்றேன். அவன் பாதியில் விட்ட பொய்க்கு நான் கூரை போட்டுக் கொடுத்தேன்.

அன்றைக்கு அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்றுகூட எனக்குள் சொல்லிக்கொண்டேன். மனுஷன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு நாள் அவள் தம்பி கூடவே இருந்தாள். வாய் வீங்கி அவனால் பேச முடியவில்லை. முதல் நாள் கஞ்சி ஊட்டினாள், சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. மறுநாள் பால் கொடுத்தாள், வாந்தி எடுத்தான். மூன்றாம் நாளிலிருந்து அவள் போகவில்லை. மாடியில் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். டயர்காரன்தான் ஆஸ்பத்திரிக்கும் கடைக்குமாக அலைந்தான்.

ஏழாம் நாள் நான் மாடி ஏறிப் போய், ஏன் போகவில்லை என்று கேட்டேன். அவள் தார்ப்பாயை மடித்துத் தைத்துக்கொண்டே பேசினாள். குரலில் அழுகை இல்லை. ரொம்ப யோசித்து முடிவு கட்டினவள் மாதிரி பேசினாள்.

“கைக்குழந்தையா இருந்தப்ப என் இடுப்புல இருந்துதான் விழுந்தான். தாடையில தழும்பு இன்னும் இருக்கு, பாத்திருப்பீங்க. இப்ப நான் வா வான்னு உசுர எடுத்ததாலதான் இங்க வந்தான். கஞ்சி குடுத்தேன், காய்ச்சல். பால் குடுத்தேன், வாந்தி. நான் எது செஞ்சாலும் அவனுக்கு ஆகலண்ணே.”

அடிபட்டவனுக்குக் காய்ச்சல் வராமல் என்ன செய்யும் என்றேன். மருந்து ஒத்துக்கொள்ளாமல் வாந்தி வந்திருக்கும் என்றேன். டாக்டரே அப்படித்தான் சொன்னார் என்று ஒரு பொய்யும் சேர்த்துக்கொண்டேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

“சரிண்ணே, அதெல்லாம் விடுங்க. அவரு இத்தன வருஷமா வேல பாக்குறாரு. அந்தக் கூண்டுல வெச்ச சக்கரம் யாருக்காவது கீறல் போட்டிருக்கா? என் தம்பி வந்த அன்னைக்கு மட்டும் கம்பிக்கு நடுவுல பூந்து வந்து அவன் கண்ணுல அடிக்குது. அது என் ராசி இல்லாம வேற என்ன? நான் தூரமா இருக்கேன். அதுதான் நான் அவனுக்குச் செய்யக்கூடிய நல்லது.”

அவள் கட்டியிருந்த கணக்குக்கு நடுத்தூண் அந்தக் கூண்டுதான். தூணை நட்டவன் நான். மற்றதெல்லாம் வாய்ப்பேச்சில் தள்ளிவிடலாம், அதை மட்டும் தள்ள முடியாது. தள்ள வேண்டுமென்றால் ஒரு வழிதான் இருந்தது. நான் மெதுவாக மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டேன்.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மச்சானுக்குப் பாதி முகத்தில் கட்டு. பேச ஆரம்பித்திருந்தான், வார்த்தைகள் குழறி வந்தன. வெளியே நின்ற நர்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டாள். அடிபட்ட கண் போனது போனதுதான், அதை எடுத்துவிட வேண்டும், அப்படியே விட்டால் நல்ல கண்ணும் கெட்டுப்போகலாம், இரண்டு வாரம் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இவன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறானாம். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்றாள்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவன் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான்.

“அக்கா ஏன் வரல? எம்மேல கோவமா? மாமா தள்ளிப் போடான்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்காம குனிஞ்சேன். தப்பு என்னோடதுதான்னு அக்காகிட்ட சொல்லுங்க.”

கோபமெல்லாம் இல்லை, உடம்பு சரியில்லை என்று சமாளித்தேன்.

“கண்ண எடுக்கணும்னா அக்கா வந்து என் பக்கத்துல நின்னு எடுத்துக்கடான்னு சொல்லட்டும். அதுவரைக்கும் நான் போட மாட்டேன். சின்னதுல முள்ளு குத்துனாக்கூட அவ வந்து புடிச்சிக்கிட்டாதான் எடுக்க விடுவேன்.” மூச்சு வாங்கினான். அப்புறம் அந்த வீங்கின உதட்டால் சிரிக்கப் பார்த்தான். “ஆனா ஒண்ணுண்ணே. மாமா அந்தச் சக்கரத்தத் திருப்பினாரு பாருங்க. என்னை வேத்தாளா நினைக்கல. எனக்கு மனசு நெறஞ்சுபோச்சு.”

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வாங்கிப் போயிருந்த பழத்தைக் கட்டில் மேலே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

திரும்பி வந்தபோது கடையில் டயர்காரன் யாரோ ஒரு வேற்றூர் வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். சக்கரம் தரையில் கிடந்தது. கூண்டு மூலையில், பச்சைத் தார்ப்பாயால் போர்த்திக் கயிறு கட்டிக் கிடந்தது. விபத்து நடந்த மூன்றாம் நாளிலிருந்தே அப்படித்தான் அடிக்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வண்டி போகிறவரை காத்திருந்து, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா, ஏன் அதை மூடி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

“இப்பக் கூண்டுல வெச்சா மாடியில இருந்து பாப்பா. தடுக்காத கூண்ட இன்னும் எதுக்கு நம்புறன்னு கேப்பா. கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராதுண்ணே.”

“அன்னைக்கு வந்துச்சே.”

“அன்னைக்கு நீங்க கூட இருந்தீங்க.”

நான் பேச்சை மாற்றினேன். மச்சான் விஷயத்தைச் சொன்னேன். நர்ஸ் அவனிடமும் சொல்லியிருந்தாள்; அவன் அவளைக் கூப்பிட்டும் பார்த்திருந்தான், நான் போனால் அந்த நல்ல கண்ணும் போய்விடும் என்று மறுத்துவிட்டாளாம். நீ போய் அவளிடம் உண்மையைச் சொல், அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள் என்றேன். அவன் ஹோஸைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். சுருட்டினதைப் பிரித்து மறுபடி சுருட்டினான். சொன்னால் அவள் என்னோடு வாழ மாட்டாள் என்றான். பேச்சு வளர்ந்தது. கிண்டல் பண்ணினது நீங்கள், நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றான். சக்கரத்தைத் திருப்பினது உன் கை என்றேன். இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று, மாடிக்குக் கேட்காத குரலில், தப்பை ஒருத்தர் தலையில் ஒருத்தர் கட்டிக்கொண்டிருந்தோம். மச்சான் என்னடாவென்றால் அதைத் தானே தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். மாடியில் அவளும் அப்படித்தான்.

ஒன்பதாம் நாள் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். அதற்கும் ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டேன். காலையில் தெருவுக்குள் முதலில் வருகிற லாரி சிவப்பாக இருந்தால் உடனே மாடி ஏறிவிடுவேன், இல்லையென்றால் சாயங்காலம். வந்தது சிவப்பு லாரிதான். அது சிவப்பில்லை, காவி ஏறிய பழுப்பு என்று எனக்கு நானே வாதாடினேன். பத்தாம் நாள் நல்ல சிவப்பில் ஒன்று வந்தது, ஆனால் அது இரண்டாவதாக வந்தது. பதினோராம் நாள் லாரி பார்க்காமல், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒருத்தனுடைய நல்ல கண் போகப்போகிறது, நான் லாரிக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் நாள் பதினொரு மணி இருக்கும். டயர்காரன் ஒரு சக்கரத்துக்குத் தரையில் போட்டுக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். ரிங் பள்ளத்தில் உட்காரும்போது டங்கென்று ஒரு சத்தம் வரும், எப்போதும் வருகிற சத்தம்தான். அந்தச் சத்தம் வந்ததும் நான் தற்செயலாக மேலே பார்த்தேன். ஜன்னலில் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை இறுக மூடி நின்றாள். சத்தம் போய் வெகு நேரம் ஆகியும் கையை எடுக்கவில்லை. நான் கையிலிருந்த புனலைக் கீழே வைத்துவிட்டு மாடி ஏறினேன்.

அதற்குள் அவள் தரையில் உட்கார்ந்து தார்ப்பாய் ஓரத்தில் பித்தளை வளையம் அடிக்க ஆரம்பித்திருந்தாள். டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே சொன்னேன்.

“அன்னைக்கு அவன் சக்கரத்தக் கூண்டுல வெக்கலம்மா.”

சுத்தி உடனே நிற்கவில்லை. இன்னும் இரண்டு வளையம் அடித்தாள்.

“எதுல வெக்கல?”

“கூண்டுல. கீழ போட்டுத்தான் அடிச்சான். நாங்க ரெண்டு பேரும் பொய் சொன்னோம்.”

“மறந்துட்டாரா?”

மறந்துவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கு அங்கேதான் ஓடியது. அவன் மேல் பழி பாதியாகும், என் மேல் ஒன்றுமே இருக்காது.

“மறக்கல. உருட்டிக்கிட்டுத்தான் போனான். மச்சானயே எலிப்பொறியில போடுறியான்னு நான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் திருப்பிட்டான்.”

“அதுக்காகவா?”

“அதுக்காகத்தான்.”

அவள் சுத்தியைத் தார்ப்பாய் மேல் வைத்தாள். என் மேல் எறிவாள் என்று நினைத்தேன், எறிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபமே இல்லை.

“அப்ப நான் இல்லையாண்ணே?”

“நீ இல்லம்மா.”

“கஞ்சி?”

“கஞ்சி ஒண்ணும் பண்ணல.”

“பால்?”

“பாலும் இல்ல.”

தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். “பத்து நாளா அவன் தனியாக் கெடக்கான்” என்றாள். அப்புறம்தான் அழுதாள். பக்கத்தில் போகவும் முடியாமல், இறங்கவும் முடியாமல் நான் வாசற்படியில் நின்றேன்.

முகம் கழுவி, செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கினாள். கடைக்குள் டயர்காரன் லிவரோடு நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. நேரே மூலைக்குப் போய், கூண்டின் மேல் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, தார்ப்பாயை இழுத்து எடுத்து நாலாக மடித்து மேஜை மேல் வைத்தாள். அது அவள் தைத்த தார்ப்பாய். பிறகு தெருவில் இறங்கி ஆஸ்பத்திரிப் பக்கம் வேகமாக நடந்தாள்.

மச்சான் அன்றைக்கே கையெழுத்துப் போட்டான். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள் என்று தெரியாது. மறுநாள் கண்ணை எடுத்தார்கள். நல்ல கண் தப்பியது. ஒற்றைக் கண்ணோடு லாரி ஓட்டக் கூடாது என்பதால் டிரைவர் ஒருவரை வைத்தான். தன் வண்டியில் தானே கிளீனர் இடத்தில் உட்கார்ந்து போக ஆரம்பித்தான்.

அவள் டயர்காரனை விட்டுப் போகவில்லை. ஒரு மாதம் வரை அவனோடு நேராகப் பேசவும் இல்லை. சோறு இருக்கு, துணி காயுது என்று சுவரைப் பார்த்துச் சொல்வாளாம். அவனே என்னிடம் சொன்னான். அப்புறம் மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. பன்னிரண்டாம் நாள் சாயங்காலத்திலிருந்தே அவன் எல்லாருக்கும் கூண்டில் வைத்துத்தான் காற்று அடிக்கிறான். முகம் சுருக்கினவர்கள் சுருக்கிக்கொண்டார்கள். நாலைந்து வாடிக்கை போனது.

என்னை மட்டும் அவள் இப்போது அண்ணே என்று கூப்பிடுவதில்லை. எதிரில் பார்த்தால் ஒதுங்கி நின்று, “வாங்க பேட்டரிக்காரரே” என்பாள். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. அந்த மரியாதை எனக்குத் தூக்கத்தில்கூடக் கேட்கிறது.

ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் மச்சானின் லாரி வந்து நின்றது. பின்பக்கச் சக்கரம் பஞ்சர். மச்சான் கிளீனர் பக்கக் கதவைத் திறந்து இறங்கினான். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பக்கம் பொருத்தின கண். டயர்காரன் பழையபடி நாற்காலி போட்டான், டீ சொன்னான். ஒட்டுப் போட்டு, டயரை மாட்டி, ரிங்கை வைத்து, சக்கரத்தை நிமிர்த்தினான். புது ரிங். எனக்கும் அது தெரிந்தது.

மச்சான் எழுந்து வந்து சக்கரத்தின் மேல் கையை வைத்தான்.

“மாமா, கூண்டு வேணாம். கீழயே போட்டு அடிங்க.”

டயர்காரன் சக்கரத்தை விடவில்லை.

“அன்னைக்கு நடந்தத நான் மனசுல வெச்சுக்கல மாமா. வெச்சுக்கிட்டேன்னு நீங்க நினைச்சிடக் கூடாது. கீழயே போடுங்க. நான் தள்ளியே நிக்கிறேன்.”

அவன் கொடுப்பது மன்னிப்பு என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. அதை வாங்கிக்கொள்ள டயர்காரனுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதும் எனக்குத் தெரிந்தது. அவன் கை சக்கரத்தைச் சாய்க்கப் போனது. ஒரு பக்கம் கூண்டு, ஒரு பக்கம் மச்சான். அவன் மாடி ஜன்னலைப் பார்த்தான், மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தான். டிரைவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். எல்லாருமே நான் ஏதாவது சொல்வேன் என்று என் வாயைத்தான் பார்த்தார்கள்.

நான் போய்ச் சக்கரத்தின் மறுபக்கத்தைப் பிடித்தேன். இரண்டு பேருமாக அதை உருட்டிக் கூண்டுக்குள் விட்டோம். அவன் ஹோஸை மாட்டினான்.

மச்சான் கையை எடுத்துக்கொண்டான். “சரி” என்றான். முகம் வாடியது, அன்றைக்கு நான் பார்த்த அதே வாட்டம். காற்று ஏறியது. ரிங் டங்கென்று உட்கார்ந்தது, ஒன்றும் ஆகவில்லை. தரையில் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. சக்கரத்தை மாட்டியதும் அக்காவிடம் சொல்லிவிட்டுக்கூடப் போகாமல் வண்டியில் ஏறினான். நாற்காலிக்குப் பக்கத்தில் டீ ஆடை கட்டிக் கிடந்தது.

அதற்குப் பிறகு அவன் டயர் வேலைக்கு எங்கள் தெருவுக்கு வருவதில்லை. தம்பி மறுபடி பங்க் பக்கத்துக் கடைக்கே போகிறான் என்று அவள் லேத் பட்டறைக்காரர் பெண்டாட்டியிடம் சொல்லி வருத்தப்பட்டாளாம். முன்பானால் என்னிடம் சொல்லியிருப்பாள்.

போன வாரம் ஆசிட் வாங்க அந்தப் பக்கம் போனபோது அவன் லாரி அங்கே நிற்பதைப் பார்த்தேன். சைக்கிளை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடையிலும் கூண்டு இருக்கிறது. கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் சக்கரத்தை அதற்குள் உருட்டிவிட்டு, “அந்தப் பக்கம் போய் நில்லுங்க சார்” என்றார். மச்சான் தூரமாகப் போய் ஒரு மரத்தடியில் நின்றான். டீ வரவில்லை, நாற்காலி வரவில்லை, யாரும் அவனோடு பேசவில்லை. காற்று அடித்து முடிகிறவரை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். அந்தக் கடையில் இன்னும் யாரும் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை.